அயர்லாந்தில் தோற்ற கலகம் சிட்னிக்குக் கப்பலேறிய கதை

ஆஸ்திரேலியாவில் வெள்ளைக்காரக் கைதிகள் ஒரு முறை பெரிய அளவில் ஆயுதம் ஏந்தி எழுந்தார்கள். 1804 மார்ச் 4, ஞாயிறு இரவு தொடங்கி மறுநாளே அடங்கிவிட்ட அந்தக் கிளர்ச்சியைக் கேஸில் ஹில் கலகம் என்கிறார்கள், கடைசிச் சண்டை நடந்த இடத்தை வினிகர் ஹில் என்கிறார்கள். ஆனால் வினிகர் ஹில் என்ற பெயர் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமானதே இல்லை. அது அயர்லாந்தின் தென்கிழக்கே, வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தில், என்னிஸ்கார்த்தி என்ற ஊரை ஒட்டி இருக்கும் ஒரு குன்று. 1798 ஜூன் 21-ம் தேதி அங்கே ஐரிஷ் கலகக்காரர்களைப் பிரிட்டிஷ் படை பீரங்கி வைத்து நொறுக்கியது. ஆறு வருஷம் கழித்து, பூமியின் இன்னொரு மூலையில், ஒரு காட்டு மேட்டுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று கேட்டால், அயர்லாந்தின் கதை முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேஸில் ஹில் சம்பவத்தைப் பலர் 'பட்டினி தாங்காத கைதிகள் கொஞ்சம் துப்பாக்கியைத் திருடிக்கொண்டு ஓடப் பார்த்தார்கள்' என்ற அளவில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. அந்த இரவில் அவர்கள் செய்த ஒவ்வொன்றையும், அதாவது தீ மூட்டி அடையாளம் காட்டியது, ரகசியச் சொல் வைத்துக்கொண்டது, பல ஊர்களில் ஒரே நேரத்தில் எழத் திட்டமிட்டது, ஈட்டி தயாரித்தது, எல்லாவற்றையும் 1798-ல் அயர்லாந்தில் நடந்தவற்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே போரின் கடைசிச் சண்டை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தோற்ற விதமும்கூட ஒன்றுதான்.

சரி, அயர்லாந்தில் என்ன பிரச்சினை?

பதினெட்டாம் நூற்றாண்டு அயர்லாந்தில் நாலில் மூன்று பேர் கத்தோலிக்கர்கள். நிலமும் அதிகாரமும் ஆங்கிலிகன் என்ற புராட்டஸ்டன்ட் அரசுத் திருச்சபையைச் சேர்ந்த சிறு கூட்டத்தின் கையில். டப்ளினில் ஒரு நாடாளுமன்றம் இருந்தது, ஆனால் கத்தோலிக்கர் அதில் உட்கார முடியாது. ஓட்டுப் போடும் உரிமையே 1793-ல்தான் கிடைத்தது, அதுவும் சொத்து இருந்தால். தண்டனைச் சட்டங்கள் என்று அழைக்கப்பட்ட ஒரு கட்டுச் சட்டங்கள், நிலம் வாங்குவது, பள்ளி நடத்துவது, ஆயுதம் வைத்துக்கொள்வது, அரசு வேலைக்குப் போவது என எல்லாவற்றிலும் அவர்களைக் கட்டிப்போட்டிருந்தன. நூற்றாண்டின் கடைசியில் அவற்றில் பல தளர்த்தப்பட்டன, ஆனாலும் குத்தகை விவசாயியின் கழுத்தை நெரித்தது வாடகையும் தசமபாக வரியும்தான். அரசுத் திருச்சபையின் கோவிலுக்குப் போகாதவனும் அதன் பாதிரிக்கு விளைச்சலில் பங்கு கொடுக்க வேண்டும். வடக்கே அல்ஸ்டரில் இருந்த பிரெஸ்பிட்டீரியன்கள் புராட்டஸ்டன்ட்கள்தான், ஆனால் அரசுத் திருச்சபையைச் சேராதவர்கள் என்பதால் அவர்களும் இதே வரியைக் கட்டினார்கள், அவர்களையும் இரண்டாந்தரமாகத்தான் நடத்தினார்கள்.

இந்தப் பின்னணியில் 1791 அக்டோபரில் பெல்ஃபாஸ்டில் ஐக்கிய ஐரிஷ்காரர் சங்கம் பிறந்தது. இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பிற்பாடு இந்தக் கதை முழுவதும் 'கத்தோலிக்கர் எதிர் புராட்டஸ்டன்ட்' என்று சுருங்கிவிட்டது. சங்கத்தைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் பிரெஸ்பிட்டீரியன் வியாபாரிகள், துணி ஆலைக்காரர்கள், மருத்துவர்கள். அதன் மிகப் பெரிய முகமான தியோபால்டு உல்ஃப் டோன், டப்ளினைச் சேர்ந்த வழக்கறிஞர், அரசுத் திருச்சபையிலேயே பிறந்தவர். அமெரிக்கப் புரட்சியையும் பிரெஞ்சுப் புரட்சியையும் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட், பிரெஸ்பிட்டீரியன் என்ற பிரிவை மறந்து எல்லோரும் ஐரிஷ்காரர் என்ற ஒரே பெயரில் நிற்க வேண்டும் என்பதுதான் அவர்கள் வைத்த கோரிக்கையின் அடிப்படை. 'நார்தர்ன் ஸ்டார்' என்று பெல்ஃபாஸ்டிலிருந்து ஒரு பத்திரிகை நடத்தினார்கள். 1797-ல் படைவீரர்கள் அதன் அச்சகத்துக்குள் புகுந்து எந்திரங்களை உடைத்துப்போட்டார்கள், பத்திரிகை அதோடு நின்றது.

முதலில் இவர்கள் கேட்டது தேர்தல் சீர்திருத்தம், அவ்வளவுதான். ஆனால் 1793-ல் பிரிட்டன் பிரான்ஸோடு போருக்குப் போனதும் சீர்திருத்தம் கேட்பதே ராஜதுரோகம் ஆகிவிட்டது. 1794-ல் சங்கம் தடைசெய்யப்பட்டது. அப்புறம் அது ரகசியப் படையாக மாறியது. உறுதிமொழி எடுத்துச் சேர வேண்டும், சின்னச் சின்னக் குழுக்களாக இருக்க வேண்டும், ஒரு குழுவுக்கு அடுத்த குழுவைத் தெரியாது. கிராமப்புறங்களில் ஏற்கெனவே இருந்த கத்தோலிக்க விவசாயிகளின் ரகசிய அமைப்பான 'டிஃபெண்டர்ஸ்' இதோடு கைகோத்தது. இந்த அமைப்பு முறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சிட்னியில் மறுபடி வரும்.

பிரான்ஸ் உதவிக்கு வந்தது, ஆனால் வந்து சேரவில்லை. 1796 டிசம்பரில் தளபதி ஓஷ் தலைமையில் நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள், ஏறக்குறைய 14,000 வீரர்களோடு, அயர்லாந்தின் தென்மேற்கே பான்ட்ரி வளைகுடாவை நோக்கிப் புறப்பட்டன. உல்ஃப் டோனும் ஒரு கப்பலில் இருந்தார். புயல் அடித்தது, கப்பல்கள் சிதறின, தளபதி இருந்த கப்பலே வழிதவறிப் போனது. வளைகுடாவுக்கு வந்து சேர்ந்தவை கரையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு நாள்கணக்கில் காற்றோடு போராடிவிட்டுத் திரும்பிப் போயின. அந்தப் படை மட்டும் தரையிறங்கியிருந்தால் என்னென்ன மாறியிருக்கும் என்று ஐரிஷ் வரலாற்றாசிரியர்கள் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இறங்காமல் போன படை, அரசை மட்டும் நன்றாகப் பயமுறுத்திவிட்டது. 1797-ல் தளபதி ஜெரார்டு லேக் அல்ஸ்டரில் ஆயுதப் பறிமுதல் என்ற பெயரில் இறங்கினார். வீடுகளைக் கொளுத்தினார்கள். ஆட்களை முக்காலிச் சட்டத்தில் கட்டி, ஈட்டி எங்கே ஒளித்திருக்கிறாய் என்று கேட்டுக் கசையால் அடித்தார்கள். உயிர் போகும் தறுவாய்வரை தூக்கிலிட்டுக் கடைசி நொடியில் இறக்கினார்கள், மறுபடி தூக்கினார்கள். தலையில் கொதிக்கும் தாரை ஊற்றித் தொப்பிபோல ஒட்டவைத்து, அது இறுகியதும் தோலோடு பிய்த்து எடுத்தார்கள். அடுத்த வருஷம் இது தெற்கேயும் பரவியது. இந்தக் கொடுமைகளுக்கு நேரில் ஆளானவர்களும் சாட்சியாக இருந்தவர்களும்தான் பின்னாளில் சிட்னிக்குப் போன கப்பல்களில் இருந்தார்கள்.

சங்கத்தை உடைத்தது உளவு. சங்கத்தின் தலைவர்கள் வைத்திருந்த கணக்கில் இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். இவ்வளவு பெரிய ரகசியத்தை எப்படிக் காப்பாற்ற முடியும்? 1798 மார்ச் 12-ம் தேதி டப்ளினில் ஆலிவர் பாண்ட் என்ற வியாபாரியின் வீட்டில் கூடியிருந்த லெய்ன்ஸ்டர் மாகாணக் குழு அப்படியே சிக்கியது. தகவல் கொடுத்தவர் தாமஸ் ரெனால்ட்ஸ், சங்கத்துக்குள்ளேயே பொறுப்பில் இருந்தவர். ராணுவத் தலைமையைக் கையில் வைத்திருந்த லார்டு எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு மே 19-ல் பிடிபட்டு, அந்தக் கைகலப்பில் பட்ட காயத்தால் ஜூன் 4-ல் சிறையில் இறந்தார். எல்லாவற்றிலும் என் மனதை உறுத்துவது லெனார்டு மக்நாலியின் கதை. இவர் ஐக்கிய ஐரிஷ்காரர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடிய வழக்கறிஞர், அதே சமயம் அரசிடம் பணம் வாங்கிக்கொண்டு கட்சிக்காரர்களின் ரகசியங்களை ஒப்படைத்துக்கொண்டிருந்தார். 1820-ல் அவர் செத்த பிறகுதான் இது வெளியே வந்தது.

தலைவர்கள் இல்லாமலேயே கலகம் வெடித்தது. மே 23 இரவு டப்ளினிலிருந்து கிளம்பும் தபால் வண்டிகளை வழிமறிப்பதுதான் அடையாளம். வண்டி வராவிட்டால் டப்ளின் எழுந்துவிட்டது என்று மற்ற மாவட்டங்கள் புரிந்துகொண்டு எழ வேண்டும். ஆனால் டப்ளின் எழவே இல்லை, முன்கூட்டியே தகவல் தெரிந்து ராணுவம் கூடும் இடங்களை எல்லாம் அடைத்துவிட்டது. சில வண்டிகள் நின்றன, சில வண்டிகள் போய்ச் சேர்ந்தன. கில்டேர், மீத், கார்லோ என்று அங்கங்கே தனித்தனியாக எழுந்து தனித்தனியாக நசுக்கப்பட்டார்கள். மே 29-ல் கில்டேரின் கர்ரா சமவெளியில், கிப்பெட் ராத் என்ற இடத்தில், ஆயுதத்தை ஒப்படைக்க வந்து நின்றவர்களைக் குதிரைப்படை வெட்டிச் சாய்த்தது. செத்தவர்கள் சுமார் 350 பேர். சரணடைந்தால் என்ன ஆகும் என்பது அன்றைக்கு அயர்லாந்துக்குத் தெரிந்துவிட்டது.

வெக்ஸ்ஃபோர்டில் மட்டும் கதை வேறு. பூலவோக் என்ற ஊரின் பாதிரியார் ஜான் மர்ஃபி, முதலில் ஆயுதத்தை ஒப்படைத்துவிடுங்கள் என்று மக்களிடம் சொன்னவர். வீடுகள் எரிவதைப் பார்த்த பிறகு அவரே முன்னால் நின்றார். மே 27-ல் ஊலர்ட் குன்றில், நீண்ட கம்பில் செருகிய ஈட்டிகளை வைத்துக்கொண்டு, நூறுக்கு மேற்பட்ட அரசின் வடகார்க் படைவீரர்களில் ஒரு சிலர் தவிர அத்தனை பேரையும் கொன்றார்கள். மறுநாள் என்னிஸ்கார்த்தி, மே 30-ல் வெக்ஸ்ஃபோர்டு நகரம். மூன்று வாரம் அந்த மாவட்டம் கிட்டத்தட்ட ஒரு குடியரசாகவே இருந்தது.

ஜூன் 5-ல் நியூ ராஸ் நகரத்தைப் பிடிக்கப் போய்ப் பெரும் சேதத்தோடு திரும்பினார்கள். அதே நாளில்தான் ஸ்கல்லபோக் என்ற இடத்தில் கலகக்காரர்கள் ஒரு களஞ்சியத்தில் அடைத்து வைத்திருந்த நூறு பேருக்கும் மேல், பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்கள், பெண்கள் குழந்தைகள் உட்பட, உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். இதை மறைத்துவிட்டு 1798-ஐ எழுதுவது அயோக்கியத்தனம். நியூ ராஸில் சரணடைந்தவர்களைப் படை கொல்கிறது என்ற செய்தி வந்ததால் நடந்தது என்று காரணம் சொல்வார்கள். காரணம் தெரிகிறது, நியாயம் அதில் இல்லை. எல்லா மதத்தாரையும் ஒன்றுசேர்க்கத் தொடங்கிய ஓர் இயக்கத்துக்கு அதைவிடப் பெரிய தோல்வி வேறு எதுவும் இல்லை, அரசு அதைத் தலைமுறை தலைமுறையாக எடுத்துக் காட்டிக்கொண்டே இருந்தது.

வடக்கே ஹென்றி ஜாய் மக்ராக்கன் ஜூன் 7-ல் ஆன்ட்ரிமில் எழுந்து தோற்றார், ஜூலை 17-ல் பெல்ஃபாஸ்டில் தூக்கிலிடப்பட்டார். தெற்கே ஜூன் 21-ல் லேக், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படையோடு வினிகர் ஹில்லைச் சுற்றி வளைத்தார். மேலே ஆயிரக்கணக்கானவர்கள், அவர்களில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. கையில் பெரும்பாலும் ஈட்டிதான், துப்பாக்கி சொற்பம், மருந்து அதைவிடச் சொற்பம். அந்தக் காலத்தில் புதிதான வெடிகுண்டுகள் மேலே விழுந்து வெடித்தபோது ஈட்டிக்கு அங்கே வேலையே இல்லாமல் போய்விட்டது. தளபதி நீதம் என்பவரின் படைப்பிரிவு நேரத்துக்கு வந்து சேராததால் வளையத்தில் ஒரு திறப்பு இருந்தது, அதன் வழியாக ஏராளமானோர் தப்பினார்கள். அந்தத் திறப்பு இல்லாவிட்டால் சிட்னிக்குப் போக ஆளே மிஞ்சியிருக்க மாட்டார்கள். பாதிரியார் மர்ஃபியை ஜூலை தொடக்கத்தில் டல்லோ ஊர்ச் சந்தைவெளியில் தூக்கிலிட்டு, தலையை வெட்டி, உடலைத் தார்ப் பீப்பாயில் போட்டு எரித்தார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் எல்லாம் முடிந்த பிறகு வந்தார்கள். ஆகஸ்ட் 22-ல் தளபதி ஹம்பர் சுமார் ஆயிரம் பேரோடு மேற்கே கில்லாலாவில் இறங்கி, காசில்பாரில் லேக்கின் படையை ஓட ஓட விரட்டினார். செப்டம்பர் 8-ல் பாலினமக்கில் சரணடைந்தார். பிரெஞ்சு வீரர்களைப் போர்க்கைதிகளாக மரியாதையோடு நடத்தினார்கள், கூட நின்ற ஐரிஷ்காரர்களைக் களத்திலேயே வெட்டினார்கள். உல்ஃப் டோன் கடலில் பிடிபட்டு, ராணுவ வீரனைப்போலச் சுட்டுக் கொல்லுங்கள் என்று கேட்டு, அது மறுக்கப்பட்டதும் தொண்டையை அறுத்துக்கொண்டு நவம்பர் 19-ல் இறந்தார். அந்த ஒரு கோடையில் மொத்தம் பத்தாயிரத்திலிருந்து முப்பதாயிரம் பேர் வரை செத்திருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள்.

உயிரோடு பிடிபட்ட ஆயிரக்கணக்கானவர்களை என்ன செய்வது? அயர்லாந்தின் புதிய ராஜப்பிரதிநிதியாக அந்த ஜூனில் வந்து சேர்ந்தவர் காரன்வாலிஸ். ஆமாம், நம் பாடப்புத்தகத்தில் வரும் அதே காரன்வாலிஸ்தான். அமெரிக்காவில் யார்க்டவுனில் சரணடைந்து, அப்புறம் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து, 1792-ல் திப்புவை மண்டியிட வைத்து திண்டுக்கல்லையும் பாராமகாலையும் கம்பெனிக்கு வாங்கிக்கொடுத்தவர். லேக்கும் பிறகு இந்தியாவுக்குத் தளபதியாக வந்து 1803-ல் மராட்டியப் படையைத் தோற்கடித்து டெல்லியைப் பிடித்தார். ஆளும் ஒன்று, முறையும் ஒன்று. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, 1802-ல் எழுபதுக்கும் மேற்பட்ட பாளையக்காரர் தரப்பினரைக் கம்பெனி பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றியதும் இதே வருஷங்களில்தான். கலகக்காரனை ஊரிலே கொன்றால் தியாகியாகிவிடுவான், திரும்பி வர முடியாத தூரத்துக்கு அனுப்பிவிட்டால் மறந்துபோவார்கள் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

லேக்கைவிடக் காரன்வாலிஸ் இளகியவர்தான், பலருக்கு மன்னிப்புக் கொடுத்தார். ஆனால் மன்னிப்பின் இன்னொரு பெயர் நாடு கடத்தல். 1800 ஜனவரியில் 'மினர்வா', பிப்ரவரியில் 'ஃப்ரெண்ட்ஷிப்', 1801-ல் 'ஆன்', 1802-ல் 'அட்லஸ்', 'ஹெர்குலிஸ்' என்று வரிசையாகக் கப்பல்கள் சிட்னிக்குப் போயின. பெரும்பான்மை சாதாரணக் குற்றவாளிகள்தான், ஆனால் ஒவ்வொரு கப்பலிலும் கலகக்காரர்கள் இருந்தார்கள். விக்லோ மலைகளில் படை நடத்திய ஜோசப் ஹோல்ட் அவர்களில் ஒருவர், அவர் புராட்டஸ்டன்ட். ஜேம்ஸ் டிக்ஸன், ஜேம்ஸ் ஹெரால்டு போன்ற கத்தோலிக்கப் பாதிரியார்களும் கைதிகளாகவே வந்தார்கள். 'ஆன்' கப்பலிலும் 'ஹெர்குலிஸ்' கப்பலிலும் வழியிலேயே கைதிகள் எழுந்தார்கள். 'ஹெர்குலிஸ்' கப்பலில் அதற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் 14 பேர்.

நியூ சவுத் வேல்ஸ் என்ற அந்தக் குடியேற்றம் அப்போது சில ஆயிரம் பேர் மட்டுமே உள்ள இடம். அங்கே சிறைச்சுவர் தேவைப்படவில்லை, கடலும் காடுமே சுவர். 1791-லேயே இருபது ஐரிஷ் கைதிகள், ஒரு கர்ப்பிணிப் பெண்ணோடு, வடக்கே நடந்தால் சீனா வந்துவிடும் என்று நம்பிக் கிளம்பிப் போயிருக்கிறார்கள். இதைச் சொல்லி அன்று அவர்களை ஏளனம் செய்தார்கள். வரைபடம் பார்த்தே அறியாதவர்கள் எவ்வளவு தவித்துப்போயிருந்தால் அப்படிக் கிளம்பியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொரு அநியாயமும் இருந்தது. அயர்லாந்திலிருந்து வந்த பல கப்பல்களோடு தண்டனைப் பத்திரங்கள் வரவில்லை. யாருக்கு ஏழு வருஷம், யாருக்கு ஆயுள் என்று கவர்னருக்கே தெரியாது. தண்டனைக் காலம் முடிந்துவிட்டது என்று சொல்பவனிடம் அதை நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. வழக்கே இல்லாமல், மாஜிஸ்ட்ரேட் வார்த்தையில் கப்பலேற்றப்பட்டவர்களும் உண்டு.

அவர்கள் உழுத நிலமும் யாரோ ஒருவருடையது. அது தருக் மக்களின் மண். பெமுல்வை என்ற போராளி சிட்னிக்கு மேற்கே பாரமட்டா, டூங்காபி சுற்றுவட்டாரத்தில் பத்து வருஷத்துக்கும் மேல் குடியேறிகளை எதிர்த்துப் போராடி 1802-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐரிஷ் கைதிகளின் துயரத்தை எழுதும்போது இதை விட்டுவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

1800-லேயே ஒரு சதித்திட்டம் இருப்பதாகச் சிட்னியில் பேச்சுக் கிளம்பியது. மாஜிஸ்ட்ரேட்டாகவும் இருந்த ஆங்கிலிகன் பாதிரியார் சாமுவேல் மார்ஸ்டன், ஈட்டிகள் எங்கே என்று கேட்டு இளைஞன் பேடி கால்வினுக்கு 300 கசையடி விதித்தார். முதுகு கிழிந்ததும் இடுப்புக்குக் கீழே, அப்புறம் கால்களில். கால்வின் கடைசிவரை யார் பெயரையும் சொல்லவில்லை. பக்கத்தில் நிறுத்திப் பார்க்கவைக்கப்பட்ட ஹோல்ட் இதைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். அல்ஸ்டரிலும் வெக்ஸ்ஃபோர்டிலும் நடந்த அதே விசாரணை, அதே கேள்வி, வேறு கண்டம்.

1800-ல் கவர்னர் பொறுப்புக்கு வந்த ஃபிலிப் கிட்லி கிங் கொஞ்சம் வேறு மாதிரியும் முயன்று பார்த்தார். 1803 மே 15-ல் பாதிரியார் டிக்ஸன் சிட்னியில் வெளிப்படையாகப் பூசை நடத்த அனுமதி கொடுத்தார். அந்த மண்ணில் அரசு அனுமதியோடு நடந்த முதல் கத்தோலிக்கப் பூசை அதுதான். ஆனால் சிட்னிக்கு வடமேற்கே முப்பது கிலோமீட்டரில், 1801-ல் தொடங்கிய கேஸில் ஹில் அரசுப் பண்ணையில் மரம் வெட்டவும் கோதுமை விதைக்கவும் ஐரிஷ் கைதிகளைக் கூட்டமாகக் குவித்து வைத்ததும் அதே அரசுதான். அங்கே கல்வேலைக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் ஃபிலிப் கன்னிங்ஹாம். கெர்ரியில் பிறந்த கொத்தனார், டிப்பரரியில் ஐக்கிய ஐரிஷ்காரர்களுக்கு ஆள் சேர்த்தவர், 'ஆன்' கப்பலில் வந்தவர். கைதியே ஆனாலும் மேற்பார்வையாளர் என்பதால் ஊர் ஊராகப் போய்வர முடிந்தது. திட்டம் அப்படித்தான் பரவியது.

திட்டம் இதுதான். கேஸில் ஹில்லில் எழுந்து, பண்ணைகளில் ஆயுதம் சேகரித்து, ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் இருக்கும் ஆட்களையும் சேர்த்துக்கொண்டு, பாரமட்டாவைப் பிடித்து, சிட்னிக்குப் போய்க் கப்பல் ஏறி ஊர் திரும்புவது. பாரமட்டாவுக்குள் இருக்கும் ஆட்கள் தீ வைத்து அடையாளம் காட்ட வேண்டும். ரகசியச் சொல், புனித பேதுரு.

மார்ச் 4 இரவு எட்டு மணிக்கு முன்பின்னாக ஜான் கவனா தன் குடிசைக்குத் தீ வைத்தார், பண்ணை மணி அடித்தது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் திரண்டார்கள், அவர்களில் ஆங்கிலேயக் கைதிகளும் இருந்தார்கள். முதலில் தேடிப் போனது கசையடிக்காரனைத்தான். பிறகு சிறு கூட்டங்களாகப் பிரிந்து பண்ணை வீடுகளில் துப்பாக்கி, வாள், அரிவாள் என்று கிடைத்ததை எடுத்தார்கள். கன்னிங்ஹாம் டூங்காபிக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் ஆட்களை அணிவகுக்க வைத்துப் பயிற்சி கொடுத்தபடி பாரமட்டாத் தீக்காகக் காத்திருந்தார். தீ எழவில்லை. ஹாக்ஸ்பரிக்குச் செய்தி கொண்டுபோன வழியும் அறுந்துபோயிருந்தது. அதற்கு முன்பே காட்டிக்கொடுப்பு நடந்து, பாரமட்டா விழித்துக்கொண்டிருந்தது. 1798-ல் டப்ளின் தபால் வண்டிகளுக்கு நடந்ததுதான் இங்கேயும் நடந்தது. நடுவூர் எழாமல், வெளியூர் மட்டும் எழுந்து தனியாக நின்றது.

அந்த இரவில் மார்ஸ்டன் குடும்பத்தோடு படகேறி ஆற்று வழியே சிட்னிக்குத் தப்பினார். கவர்னர் கிங் குதிரையில் பாரமட்டாவுக்கு வந்து ராணுவச் சட்டத்தை அறிவித்தார், ஆஸ்திரேலியாவில் அது முதல் முறை. மேஜர் ஜார்ஜ் ஜான்ஸ்டன் முப்பது பேருக்கும் குறைவான சிப்பாய்களோடு இரவெல்லாம் நடந்து வந்து, துப்பாக்கி தாங்கிய குடியேறிகள் ஐம்பது பேருக்கு மேல் சேர்த்துக்கொண்டு, பாரமட்டாவில் நிற்காமல் அப்படியே துரத்தினார். கன்னிங்ஹாம் பாரமட்டாவைக் கைவிட்டு ஹாக்ஸ்பரி சாலையில் ஆள் சேர்க்கப் போய்க்கொண்டிருந்தார். மார்ச்சின் வெயில் வேறு, சிப்பாய்களும் தளர்ந்துபோயிருந்தார்கள்.

நேரம் வாங்குவதற்காக ஜான்ஸ்டன் ஒரே ஒரு குதிரை வீரனையும் பாதிரியார் டிக்ஸனையும் கூட்டிக்கொண்டு முன்னால் போனார். டிக்ஸன் சரணடையச் சொல்லிப் பார்த்தார். கலகக்காரர்கள் மறுத்தார்கள், ஆனால் பேச்சுவார்த்தைக்கு ஒப்புக்கொண்டார்கள். கன்னிங்ஹாமும் வில்லியம் ஜான்ஸ்டன் என்ற இன்னொரு தலைவரும் பிற்பாடு வினிகர் ஹில் என்று பெயர்பெற்ற அந்த மேட்டிலிருந்து இறங்கி வந்தார்கள். என்ன வேண்டும் என்று மேஜர் கேட்டார். மரணம் அல்லது விடுதலை என்றார் கன்னிங்ஹாம். 1798-ல் அயர்லாந்தில் கொடிகளில் எழுதியிருந்த முழக்கம் அது. பின்னால் சிப்பாய்கள் வந்து சேர்ந்ததைப் பார்த்ததும் மேஜர் துப்பாக்கியை எடுத்து ஒருவரின் தலையில் வைத்தார், குதிரை வீரன் இன்னொருவரின் தலையில் வைத்தான். இருவரையும் இழுத்துக்கொண்டு போனதும் சுடச் சொல்லி உத்தரவு போனது. கால் மணி நேரச் சண்டையில் குறைந்தது 15 பேர் செத்தார்கள், மீதிப் பேர் காட்டுக்குள் சிதறினார்கள்.

இந்த இடத்தில் கன்னிங்ஹாம் ஏன் இறங்கி வந்தார் என்ற கேள்வி என்னை விடவே இல்லை. கிப்பெட் ராத்தை அறிந்த நாட்டிலிருந்து வந்தவர். சரணடைந்தவனை இவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரிந்தவர். என் கணிப்பில், டிக்ஸன் அங்கே இருந்தது ஒரு காரணம். 1798-ஓடு பெயர் சேர்த்துக் கடத்தப்பட்ட பாதிரியார், தங்களுக்குப் பூசை நடத்தியவர், அவர் நிற்கும் இடத்தில் துரோகம் நடக்காது என்று நம்பியிருக்கலாம். இன்னொரு காரணம், தீ எழாத அந்த இரவுக்குப் பிறகு அவரிடம் வேறு வழி குறைவாகத்தான் இருந்தது. மேஜர் செய்தது ராணுவ சாமர்த்தியம் என்று அன்றைய அறிக்கைகள் பாராட்டின. பேச்சுக்கு அழைத்துவிட்டுத் தலையில் துப்பாக்கி வைப்பதற்கு என்னால் அந்தப் பெயரைக் கொடுக்க முடியாது.

கன்னிங்ஹாமை வாளால் வெட்டியிருந்தார்கள். உயிர் இருக்கும்போதே, விசாரணை எதுவும் இல்லாமல், ஹாக்ஸ்பரியில் அரசுக் கிடங்கின் மாடிப்படியில் தூக்கிலிட்டார்கள். அந்தக் கிடங்கைக் கொள்ளையடிப்பேன் என்று அவர் சொல்லியிருந்தாராம், அதனால் அந்த இடம். மார்ச் 8-ல் பாரமட்டாவில் ராணுவ நீதிமன்றம் பத்துப் பேரை விசாரித்தது, எட்டுப் பேரைப் பாரமட்டா, கேஸில் ஹில், சிட்னி என்று பங்குபோட்டு மூன்று நாளில் தூக்கிலிட்டார்கள். வில்லியம் ஜான்ஸ்டன், சாமுவேல் ஹ்யூம்ஸ் இருவரின் உடல்களைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டார்கள். சிலருக்கு 200, சிலருக்கு 500 கசையடி. முப்பதுக்கும் மேற்பட்டவர்களை வடக்கே நிலக்கரி வெட்ட அனுப்பினார்கள். இன்றைய நியூகாஸில் நகரத்தின் தொடக்கம் அதுதான். ஹோல்ட்டை நார்ஃபோக் தீவுக்குக் கடத்தினார்கள். டிக்ஸனின் பூசை அனுமதியையும் பறித்தார்கள், 1820-ல் அரசு ஒப்புதலோடு இரண்டு பாதிரியார்கள் வரும்வரை அந்த மக்களுக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை.

அயர்லாந்தில் இதற்கிடையே டப்ளின் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு 1801 ஜனவரி 1 முதல் பிரிட்டனோடு இணைக்கப்பட்டிருந்தது. 1803 ஜூலை 23-ல் டப்ளினில் ராபர்ட் எம்மெட் ஒரு முறை எழுந்து பார்த்தார், சில மணி நேரத்தில் முடிந்தது, செப்டம்பரில் தூக்கு. அவருக்காக வாதாடியவர்களில் ஒருவர், முன்னால் சொன்ன அதே மக்நாலி. விக்லோ மலைகளில் ஐந்து வருஷம் பிடிபடாமல் இருந்த மைக்கேல் ட்வையர் அந்த வருஷக் கடைசியில் சரணடைந்து, 1806-ல் சிட்னி வந்து சேர்ந்தார். அவரைக் கொண்டுவந்த கப்பலின் பெயர் 'டெல்லிச்சேரி', நம் தலச்சேரிதான்.

அரை நூற்றாண்டு கழித்தும் வினிகர் ஹில் என்ற பெயர் சாகவில்லை. 1854 டிசம்பரில் விக்டோரியாவின் பாலராட் தங்கவயலில், உரிமக் கட்டணத்தை எதிர்த்து யுரேகா மரவேலிக்குள் கூடிய சுரங்கத் தொழிலாளர்களின் தலைவர் பீட்டர் லேலர் ஓர் ஐரிஷ்காரர். ராணுவம் தாக்குவதற்கு முந்தைய இரவு அங்கே வைக்கப்பட்ட ரகசியச் சொல் வினிகர் ஹில். அதைக் கேட்டதும் இது ஐரிஷ்காரர்களின் சண்டைபோல என்று மற்றவர்களில் சிலர் விலகிப்போனதாகவும் சொல்வார்கள். யுரேகாவை இன்று ஆஸ்திரேலிய ஜனநாயகத்தின் பிறப்பிடமாகக் கொண்டாடுகிறார்கள். லேலர் பின்னாளில் விக்டோரியா சட்டமன்றத்துக்கே சபாநாயகர் ஆனார். கேஸில் ஹில்காரர்களுக்கு ரௌஸ் ஹில் பக்கத்தில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் நினைவுச்சின்னம் எழுப்பவே 1988 ஆனது.

மேஜர் ஜான்ஸ்டனுக்கு என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். கேஸில் ஹில் முடிந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை, 1808 ஜனவரி 26-ல் அவரே சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் படையை நடத்திப் போய், கவர்னர் வில்லியம் ப்ளையைக் கைதுசெய்து ஆட்சியைப் பிடித்தார். சாராய வியாபாரத்திலும் நிலத்திலும் அதிகாரிகளுக்கு இருந்த பங்குக்குக் கவர்னர் குறுக்கே நின்றதுதான் அதற்குப் பெரிய காரணம். மன்னரின் பிரதிநிதியை ஆயுதத்தால் கவிழ்த்த அந்தக் குற்றத்துக்கு 1811-ல் லண்டன் ராணுவ நீதிமன்றம் கொடுத்த தண்டனை, பதவி நீக்கம். அதோடு சரி. அவர் கப்பலேறிச் சிட்னிக்குத் திரும்பி வந்து, தன் அன்னாண்டேல் பண்ணையில் 1823-ல் சாகும்வரை நிலக்கிழாராக வாழ்ந்தார்.